நீ கழற்றித் தந்த சட்டை

மச்சான்,

நேற்று உன் சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்தேன். இருபது வருடத்தில் இதுதான் முதல் தடவை. இத்தனை நாளும் கடல் தண்ணீரில் அலசி, கரையில் மீன்காரர் கொட்டிலான வாடியின் கயிற்றில் போடுவதோடு சரி. இப்போது முற்றத்துக் கொடியில் காய்கிறது. சிவப்பு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், செங்கல் தூள் மாதிரி வெளிறிவிட்டது. முதுகில் இருந்த பதினேழில் ஒன்று உரிந்து, ஏழு மட்டும் மிச்சம். ஆனால் மணம் போகவில்லை. மீனும் உப்பும் கயிற்றுத் தாரும் கலந்த அந்த மணம் முற்றம் முழுக்க நிற்கிறது. என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இத அமெரிக்காவுக்கு அனுப்பினா கஸ்டம்ஸ்காரன் உங்களத் தேடி வருவான்" என்கிறாள்.

கேட்டது உன் மகள். நீ போய்விட்ட செய்தியோடு சேர்த்தே கேட்டாள். விளையாடிய காலத்துச் சட்டைகளையெல்லாம் நீ கண்டவர்களுக்கும் அள்ளிக் கொடுத்துவிட்டாயாம். வீட்டில் ஒன்றுகூட இல்லையாம். "அப்பா இலங்கையில் ஒரு நண்பருக்கு ஒன்று கொடுத்ததாக அடிக்கடி சொல்வார், அது இன்னும் இருக்கிறதா?" என்று எழுதியிருந்தாள். மூன்று நாள் பதில் போடவில்லை. இருக்கிறது என்று சொல்ல எனக்கு மனமில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கொடுக்க விருப்பமில்லை.

ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனால் இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி உன் மகளுக்கும் அனுப்பப்போகிறேன். ஆகையால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

சுனாமியாய்க் கடல் ஊருக்குள் வந்துபோய் ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கல்முனைக்குடியில் அப்போது வெள்ளைக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. கொடி கட்டிய வாகனத்தில் வருவார்கள், படம் எடுப்பார்கள், படிவம் நிரப்புவார்கள், போவார்கள். நீ சுத்தியலோடு வந்தாய். மேற்கே வயல்கரையில் கட்டிய வீடுகளுக்குக் கூரை போடும் கூட்டத்தில் நீயும் ஒரு தச்சன் என்றுதான் நினைத்தோம். நாலு நாளில் "மச்சான்" என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் பட்ட எல்லாரையும் மச்சான் ஆக்கினாய். பள்ளிவாசல் மௌலவியையும் விடவில்லை. அவரும் நல்ல மனிதர், "வஅலைக்குமுஸ்ஸலாம் மச்சான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒருநாள் அசறுத் தொழுகைக்குப் பிறகு நீ உன் அமெரிக்கக் கால்பந்தைக் கடற்கரைக்குக் கொண்டுவந்தாய். எங்கள் தோணிக்குத் தலையாளும் எல்லாருக்கும் அண்ணன் முறையுமான ஆதம்பாவா காக்கா அதை உருட்டி உருட்டிப் பார்த்தார்.

"இதென்ன பந்து? பலாக்கொட்டை மாதிரி இரிக்கி. இத எப்பிடிக் காலால அடிக்கிற?"

காலால் அடிப்பதில்லை, கையால் எறிவது என்று நீ சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நீ மணலில் குந்தி, இந்தப் பக்கம் பதினொரு சிப்பி, அந்தப் பக்கம் பதினொரு சிப்பி என்று வைத்து உன் விளையாட்டை விளக்கினாய். எட்டு வருடம் சவூதியில் அமெரிக்கக் கம்பனி ஒன்றில் எழுதுவினைஞனாக இருந்ததால் மொழிபெயர்ப்பு என் தலையில். நடுவில் ஒரு சிப்பியைத் தொட்டு, இவன்தான் குவாட்டர்பெக் என்றாய். பந்து கைக்கு வந்ததும் மூன்று மூச்சுக்குள் இவன் முழு மைதானத்தையும் பார்க்க வேண்டும். தன் ஆட்கள் எங்கே ஓடுகிறார்கள், யார் தனியாக நிற்கிறான், யாரை எதிராளி மறிக்கிறான் என்று பார்த்து எறிய வேண்டும். அதற்குள் மாடு மாதிரியான நாலு பேர் இவனை விழுத்த ஓடி வருவார்கள். "அந்த ஆள் நான்தான். பத்து வருசம் அதுதான் என்ட தொழில்" என்றாய். நீ ஆங்கிலத்தில்தான் சொன்னாய். ஆனால் உன் பேச்செல்லாம் என் நினைவில் எங்கள் ஊர்த் தமிழில்தான் கிடக்கிறது.

ஆதம்பாவா காக்கா சிப்பிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப இவரு அங்க கரையில நிண்டு சட்டை வீசுற ஆள். ஓடுறவனுகள் தோணி" என்றார்.

நான் அதை மொழிபெயர்த்ததும் நீ எழுந்தே விட்டாய். இங்கே அப்படி ஒரு ஆள் உண்டா, யார் அது என்று கேட்டாய். காக்கா என்னைப் பார்த்தார். நான் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

உன் மகளுக்காகச் சொல்கிறேன். கரையிலிருந்து கயிற்றால் இழுக்கும் கரைவலையில், தோணியில் இருப்பவர்களுக்கு மீன் தெரியாது. தண்ணீரின் கறுப்பு, பறவை இறங்கும் இடம், நீரோட்டம் எல்லாம் கரை மேட்டில் நிற்பவன் கண்ணுக்குத்தான் தெரியும். அவன் சட்டையைக் கழற்றி வீசித் தோணிக்குச் சொல்ல வேண்டும். வலப்பக்கம் நீட்டினால் தெற்கே போ. இடப்பக்கம் நீட்டினால் வடக்கே. தலைக்கு மேல் சுழற்றினால் வலையை இறக்கு. நெஞ்சோடு சேர்த்து இழுத்தால் விட்டுவிட்டுக் கரைக்கு வா. தோணியில் யாரும் எதிர்க்கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும் அலைச் சத்தத்தில் கேட்காது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் மாரிக் கடல் அதிசயமாக அமைந்திருந்தது. தோணி வெளியே நின்றது. துடுப்புத் தண்டு பிடித்தது என் தம்பி. திடீரென்று கடல் உள்ளே வாங்கிப் பாறையும் சேறும் தெரிந்தது. நான் அப்படி ஒன்றை ஆயுளில் கண்டதில்லை. ஏதோ பெரிய ஆபத்து, தோணி கடலில் நிற்கக்கூடாது என்று நினைத்தேன். சட்டையை நெஞ்சோடு சேர்த்து இழுத்தேன். தம்பி பார்த்தான். ஒரு கேள்வி இல்லாமல் தோணியைத் திருப்பினான்.

அன்று வெளியே நின்ற தோணிகள் ஒன்றுகூடக் கவிழவில்லை, மச்சான். பின்னேரம் அவர்கள் பத்திரமாகத் திரும்பி வந்து ஊரைத் தேடினார்கள். என் தோணியை நான் கரைக்குக் கூப்பிட்டேன். ஆறு பேரில் நாலு பேர் பிழைத்தார்கள். தம்பியும் இன்னொருவரும் மௌத்து. நான் அலை தூக்கிப் போட்ட ஒரு தென்னையில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு யாரோ புண்ணியவான்கள் புதுத் தோணியும் புது வலையும் தந்தார்கள். ஆதம்பாவா காக்கா சட்டை வீசக் கூப்பிட்டு என் வாசலில் வந்து நின்றார். நான் மாட்டேன் என்றேன். அவரே கரையில் நின்று சட்டை வீசினார். நல்ல தோணிக்காரர், ஆனால் அந்தக் கண் அவருக்கு இல்லை. மூன்று மாதமாக வலை மடியில் சொறிமீனும் பாசியும்தான் வந்தன. கயிறு பிடிக்கிற முப்பது பேருடைய வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். அது தெரிந்தும் வீம்பாக வீட்டில் இருந்தேன்.

பிறகு நீ செய்தாயே ஒரு வேலை! காலை ஓட்டம் ஓடி வியர்த்து, சட்டையைக் கழற்றி, கடலில் நின்ற தோணிக்காரருக்கு ஸலாம் சொல்வதாக நினைத்துத் தலைக்கு மேல் சுழற்றோ சுழற்று என்று சுழற்றினாய். காக்கா அந்த நேரம் பார்த்து வாடிக்குள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். தோணியில் இருந்தவர்களுக்கு ஆள் யாரென்று தெரியவில்லை, சட்டைதான் தெரிந்தது. வலையை இறக்கிவிட்டார்கள். இறக்கிய இடம் கடல் இழுத்துப்போன வீடுகளின் மரமும் தகரமும் கிடந்த இடம். இழுக்க இழுக்கப் புது வலை தாறுமாறாய்க் கிழிந்து வந்தது.

முப்பது பேர் உன்னைச் சூழ்ந்து கத்தியபோது நீ ஒன்றும் விளங்காமல் எல்லாரையும் மச்சான், மச்சான் என்று கூப்பிட்டாய். என்னை ஆள் விட்டு அழைத்தார்கள். "இந்தக் கரையில ஆரும் சும்மா சட்டை கழட்டுறல்ல" என்று நான் உனக்கு விளக்கினேன். உன் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. மறுநாள் விடியல் வெள்ளாப்பில் வந்து வலையின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாய். அந்தத் தடித்த விரல்களை வைத்துக்கொண்டு, ஒரு கண்ணி முடிக்கிற நேரத்தில் மற்றவன் பத்து முடிப்பான். சிரித்தார்கள். நீ எழும்பவில்லை. இரண்டு கிழமை, கூரை வேலைக்குப் போகும் முன் தினமும் வந்தாய். உன் மீது எனக்கு மரியாதை வந்தது அப்போதுதான், பந்தாலே அல்ல.

நானும் உன் பக்கத்தில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்தும்போதுதான் உன் கதையைச் சொன்னாய். உன் ஊர் கோதுமை வயல். சவளக்கடை வயலைப் பார்த்து, "இதில தண்ணிய மட்டும் எடுத்திட்டா எங்கட ஊர்" என்றவன் நீ. உன் வாப்பா மரத்தில் ஒரு டயரைத் தொங்கவிட்டு, அதற்குள்ளால் எறிந்து பழக்கினார். பல்கலைக்கழகத்தில் பெயர் எடுத்தாய். தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் நாளில் தொலைபேசிக்குப் பக்கத்தில் இரண்டு நாள் குந்திக்கொண்டிருந்தாய். கடைசிக்கு முந்தினதாக உன் பெயரைச் சொன்னார்கள். அதன் பிறகு நாலு வருடம் ஓரத்தில் நின்று தொப்பி போட்டுக்கொண்டு, மைதானத்தில் இருந்த குவாட்டர்பெக்குக்குக் கையால் சைகை காட்டினாய். "சட்டையில ஒரு அழுக்கும் படாமச் சம்பளம் எடுத்தேன்" என்று சொல்லிச் சிரித்தாய். ஐந்தாம் வருடம் அவனுக்கு முழங்கால் போனது. உன்னை இறக்கினார்கள். அந்த இலையுதிர்காலம் முழுவதும் உன்னுடையது. பதினேழாம் இலக்கச் சட்டை போட்ட ஆட்கள் தேவாலயத்துக்கே வந்தார்களாம்.

வென்றால் இறுதிப் போட்டி என்ற ஆட்டத்தில், முடிய சில விநாடி இருக்க, தூர மூலையில் உன் ஆள் தனியாக நின்றான். நீ பார்த்தாய், எறிந்தாய். அவனுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற எதிராளியைப் பார்க்கவில்லை. பந்து அவன் கைக்குப் போனது. அரங்கம் முழுவதும் ஒரே நேரத்தில் மூச்சை விட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றாய். உன் ஊரில் முடிவெட்டுகிறவன்கூட ஒரு வருடம் உன்னோடு கதைக்கவில்லையாம்.

அதைச் சொல்லிவிட்டு, "உனக்கும் அப்படித்தானே" என்று கேட்டாய். காக்கா உனக்கு எல்லாவற்றையும் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. வலை ஊசியை மணலில் குத்திவிட்டு எழுந்தேன்.

"உன்ட வெளையாட்டில ஆரும் மௌத்தாகல்ல. ரெண்டையும் ஒரே தராசில வைக்காத" என்றேன்.

நீ குனிந்து கண்ணி பின்னினாய். அந்த மௌனத்துக்கு அர்த்தம் எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது.

மறுநாள் நீயாகவே மிச்சத்தைச் சொன்னாய். என்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை, வலையைப் பார்த்துச் சொன்னாய். அடுத்த பருவம் உன்னைத்தான் மீண்டும் இறக்கினார்கள். உன் ஆட்கள் ஓடினார்கள், தனியாகவும் நின்றார்கள். உன்னால் எறிய முடியவில்லை. பின்னால் யாரும் ஒளிந்து நிற்கிறானோ என்று பார்ப்பாய், இன்னொரு தடவை பார்ப்பாய். பந்து கையிலேயே இருக்கும். அப்படி வைத்துக்கொண்டு நின்ற ஒரு நாளில்தான் பின்னாலிருந்து வந்து விழுத்தினார்கள்.

"தப்பா எறிஞ்ச பந்தால என்ட தோள் உடையல்ல, மச்சான். எறியாம வச்சிட்டு நிண்ட பந்தாலதான் உடைஞ்ச."

இரண்டு தடவை அறுவைச் சிகிச்சை, அதற்குப் பிறகு வேறு அணி, அதற்குப் பிறகு இன்னொன்று. ஒரு காலையில் அறைக் கதவைத் தட்டி, "பயிற்றுநர் கூப்பிடுகிறார், புத்தகத்தையும் எடுத்து வா" என்றார்கள். ஆட்டத் திட்டங்கள் எழுதிய புத்தகம். அதைத் திருப்பிக் கேட்டால் வேலை போயிற்று என்று அர்த்தமாம். உனக்கு முப்பத்திரண்டு வயது. சாமான்களைக் கட்டிக்கொண்டு போய் மாமாவிடம் தச்சு வேலை பழகினாய்.

எனக்கு அறிவுரை ஒன்றும் நீ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

வலை பொத்தி முடித்து முதல் நாள். நீ கயிறு பிடிக்க வந்தாய். நான் சும்மா பார்க்கத்தான் வந்தேன், பெனியனும் சாரமுமாக. தோணி வெளியே போய் நின்றது. காக்கா கையைக் கண்ணுக்கு மேல் வைத்து வடக்கே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ தெற்கே கறுப்பு தெரிந்தது. பறவைகள் இன்னும் இறங்கவில்லை, ஆனால் இறங்கும். இன்னும் கொஞ்சத்தில் கலைந்துவிடும். என் வாய் ஒட்டிவிட்டது. ஒரு சொல் சொன்னால் போதும், காக்காவே வீசியிருப்பார். அதுகூட வரவில்லை.

நீ என் முகத்தைப் பார்த்திருக்கிறாய். அந்தத் தொழில் செய்தவனுக்குத்தான் அந்த முகம் தெரியும். வந்தாய், சிவப்புச் சட்டையைக் கழற்றினாய், என் கையில் வைத்தாய். வெறும் மேலோடு போய்க் கயிற்றைப் பிடித்துக்கொண்டாய். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வலப்பக்கம் நீட்டினேன். தோணி தெற்கே திரும்பியது. அது திரும்பியதைக் கண்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுக்கும் பிறகும் அவர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. அழுதுகொண்டே தலைக்கு மேல் சுழற்றினேன்.

அன்று வலை நிறைந்து வழியவில்லை. ஊரில் யாராவது அப்படிச் சொன்னால் பொய். கொஞ்சம் கீரி மீனும் பாரைக்குட்டியும், மிச்சம் வழமையான சொறி. ஆனால் மடி கரைக்கு வந்தபோது தம்பியின் மனைவி சட்டியோடு வந்து நின்றாள். எட்டு மாதமாக அவள் என் முகம் பார்த்துக் கதைத்ததில்லை. நானும் அவள் வாசலால் போனதில்லை.

"காக்கா, கறிக்கு மீன்" என்றாள் என்னிடம்.

இரண்டு கையாலும் அள்ளிப் போட்டேன். அவள் போன பிறகுதான் நீ என்னிடம் வந்தாய். சட்டையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாய்.

நீ உன் ஊருக்குப் போன பிறகும் கிழமைக்கு ஒரு தடவை அழைத்தாய். வருடங்கள் போகப் போக உன் பேச்சு மாறியது. ஒரே அழைப்பில் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்பாய். உன் அணியின் பெயர் மறந்தாய், பிறகு என் பெயரும் மறந்தாய். கேள்வி மட்டும் மறக்கவில்லை. "இண்டைக்குச் சட்டை வீசினியா?" ஓம் என்பேன். கொஞ்சம் கழித்து மீண்டும் கேட்பாய். மீண்டும் ஓம் என்பேன். எத்தனை மீன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

உன் மகள்தான் விவரம் சொன்னாள். அத்தனை வருடம் தலையில் வாங்கிய அடிதான் உள்ளே இருந்து உன்னைத் தின்றிருக்கிறது. உன்னோடு விளையாடிய இரண்டு பேர் அதே நோயில் உனக்கு முன்னமே போயிருக்கிறார்கள். அதில் முதலாமவர், நீ இங்கே வருவதற்கு முந்தின வருடம். மூலையில் தனியாக நின்றானே உன் ஆள், அவர்தான். உன் விளையாட்டில் யாரும் மௌத்தாகவில்லை என்று நான் உன் முகத்துக்கு நேரே சொன்ன அன்று, அவரை அடக்கிவிட்டு வந்துதான் நீ மணலில் உட்கார்ந்து கண்ணி பின்னியிருக்கிறாய். ஒரு சொல் சொல்லியிருக்கலாமே! சொன்னால் என் துக்கம் சின்னதாகிவிடும் என்று விட்டாயா? என்னை மன்னித்துக்கொள், மச்சான். நேரில் கேட்க வேண்டியதை இப்போது கேட்கிறேன்.

சட்டை விசயத்துக்கு வருகிறேன். தோணியில் இப்போது கைத்தொலைபேசி இருக்கிறது, ஆனால் அலைச் சத்தத்தில் அது ஒன்றுக்கும் உதவாது. சட்டைதான். இருபது வருடமாக உன்னுடைய சட்டையைத் தவிர வேறு எதையும் நான் வீசியதில்லை. அது வாடியில் கிடந்து மறந்துபோன நாளில், வேறு சட்டை கையில் இருந்தும் ஆள் விட்டு எடுப்பித்திருக்கிறேன். தம்பியைக் கரைக்குக் கூப்பிட்ட என் கைக்கும் இப்போது வீசுகிற கைக்கும் நடுவில் அதுதான் நிற்கிறது என்று ஒரு நினைப்பு. உன் மகளுக்கு நான் பதில் போடாத மூன்று நாளும் யோசித்தேன். பிறகு விளங்கியது, நானும் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன் என்று. அன்றே இருக்கிறது, அனுப்புகிறேன் என்று எழுதினேன். துவைக்கவும் செய்தேன்.

இன்று காலை வெறுங்கையோடு மேட்டில் நின்றேன். அறுபதை எட்டிய உடம்பு, கண்ணிலும் கொஞ்சம் புகைச்சல். தோணி வெளியே நின்றது. தண்டு பிடிப்பது யார் தெரியுமா? தம்பியின் மகன். முப்பதாகப்போகிறது, தகப்பனின் தோள். தண்ணீர் கறுத்தது. கை உடனே எழவில்லை, பொய் சொல்லமாட்டேன். அவன் அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான், அவன் தகப்பன் பார்த்தது போலவே.

என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றினேன். கடைக்குப் போகும்போது போடுகிற கோடு போட்ட வெள்ளைச் சட்டை. தொந்தியைக் கண்டு கயிற்றுக்காரர்கள் கூவினார்கள். வலப்பக்கம் நீட்டினேன். அவன் திருப்பினான். தலைக்கு மேல் சுழற்றினேன்.

வலை இன்னும் கடலில்தான் கிடக்கிறது. இழுத்து முடிய லுஹர் தொழுகை நேரமாகும். மீன் விழுந்ததா என்று நீ கேட்கப்போவதில்லை. நீ கேட்பது எனக்குத் தெரியும்.

ஓம், மச்சான். வீசினேன்.